அதிகாரியைச் சுவரோடு கட்டிப்போட்ட பிளம்பர்

எங்கள் தெருவில் ஒரு பேச்சு. பரீட்சை வைக்க வந்த அதிகாரியைச் சுவரோடு கட்டிப்போட்டு, "பாஸ் போட்டாத்தான் அவிழ்ப்பேன்" என்று மிரட்டி, ரெட்டை அம்மா பிளம்பர் சர்டிபிகேட் வாங்கிவிட்டாராம். சைக்கிள் கடைக்காரர் கயிறு என்றார். அவருடைய மச்சான் சங்கிலி என்றார். அடுத்து விலங்காகிவிடும் என்பதால், சங்கிலிக் கட்டத்திலேயே விசாரிக்கக் கிளம்பினேன்.

இரட்டைப் பெண்களைப் பெற்றதால் அவர் ரெட்டை அம்மா. கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வருமானம் குறைந்த பெற்றோருக்கு இலவசத் தொழிற்பயிற்சி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் அறை என்று கேள்விப்பட்டதும் போய் நின்றிருக்கிறார். தையலா, கம்ப்யூட்டரா, பிளம்பிங்கா என்று கேட்டார்கள்.

"எந்த கிளாஸ்ல இருந்தா என் பிள்ளைங்க அழுற சத்தம் கேக்கும்?"

"பிளம்பிங். நடுவுல ஒரே சுவர்தான்."

"அப்ப அதையே போடுங்க."

முதல் வாரம் ஸ்பேனரைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாராம். போகப் போக அது அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் இருக்கும் இரண்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஓர் ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் பகல் வேலை தயாராக இருந்தது, சர்டிபிகேட் கையில் இருந்தால். அரசு உதவி ஒரே ஒரு பரீட்சைக்குத்தான். தவறினால் சொந்தக் காசில் மறுபடி முதலிலிருந்து. அந்தச் சொந்தக் காசு என்ற சங்கதிதான் அவர்களிடம் இல்லை.

பரீட்சை இதுதான்: பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். வால்வை மூடியாயிற்று என்றார் பயிற்சியாளர். ரெட்டை அம்மா கழற்றினார். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியின் முகத்தில் தண்ணீர் பீறிட்டது. பயிற்சியாளர் மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க ஓடினார். மற்றவர்கள் சும்மா ஓடினார்கள். ரெட்டை அம்மா கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் "பாம்... பாம்..." என்று ஒரு சத்தம். பெற்றவளுக்கு விளங்கிவிட்டது.

"சார், இங்க உங்க விரலை வைங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? அழுத்திப் பிடிங்க. விட்டீங்கன்னா ரெண்டு பேரும் காலி!"

பிள்ளைகள் அறையில் அன்று ஆயா லீவு. காவலுக்கு வந்த கணவர், இரவு ஷிப்ட் களைப்பில் குட்டி நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பொம்மை அலமாரிக்குப் பின்னால் இருந்த வால்வின் வட்டப்பிடியைப் பிடித்துப் பெரியவள் பஸ் ஓட்டினாள். சின்னவள் கண்டக்டர்.

"நிறுத்துடி!"

"ஸ்டாப் இன்னும் வரலம்மா."

"டிரைவர்கிட்ட பேசக் கூடாது," என்றது கண்டக்டர்.

சண்டைக்கு இது நேரமில்லை. "அம்மா இறங்கணும் கண்ணு," என்றார் ரெட்டை அம்மா, பயணிக்குரிய பணிவோடு. விசில் ஊதப்பட்டது. டிரைவர் கையை எடுத்ததும் ரெட்டை அம்மா வட்டப்பிடியைத் திருகி மூடினார். பஸ்ஸும் நின்றது, தண்ணீரும் நின்றது.

திரும்பி வந்தால், அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் பல்லியாக ஒட்டியிருந்தார்.

"எடுத்துரலாமாம்மா?"

"இருங்க சார், டேப் சுத்திட்டுச் சொல்றேன்."

குழாயின் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைத்தான் சொன்னார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், சுவரோடு ஒட்டிய அதிகாரியையும் ரெட்டை அம்மா கையில் டேப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். கயிறு பிறந்த கதை இது.

குழாயை மாட்டிவிட்டு, "பஸ்ஸை எடுடி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். தண்ணீர் வந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. கட்டைவிரல் மரத்துப்போனதால் அதிகாரி இடது கையால் பாஸ் போட்டார். 'உதவியாளரைப் பயன்படுத்தும் திறன்' என்ற இடத்தில் முழு மதிப்பெண்.

சொட்டச் சொட்ட நனைந்த அதிகாரி அடுத்த பரீட்சை மையத்துக்கு எப்படிப் போவார்? விழித்தெழுந்த கணவர், எல்லாப் பொத்தானும் இருந்த தன் ஒரே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் துண்டைப் போர்த்திக்கொண்டு வீடு வந்தார். ரெட்டை அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். சட்டை வரவில்லை.

"போய்க் கேளேன்," என்கிறார் கணவர்.

"கேக்கலாம். பதிலுக்கு அவரு சர்டிபிகேட்டைக் கேட்டா?"

நான் கிளம்பும்போது கணவர் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "பேப்பர்ல எழுதுறீங்கல்ல? நீலக் கட்டம் போட்ட சட்டை, காலர்ல கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்னு ஒரு வரி சேத்துருங்கண்ணே. நான் சொன்னேன்னு மட்டும் போட்டுராதீங்க."