பெரியவரின் சட்டை

சென்னையை விட்டு ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் குடியேறிய முதல் ஆடி மாதத்தில் நடந்தது இது. வங்கி வேலையை உதறிவிட்டு, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு, ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கி, வேண்டியதை நாமே விளைவித்துச் சாப்பிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். கணவருக்கு அரை மனது. ஒரு வருடம் இருந்து பார், சரிப்படாவிட்டால் விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் சென்னையிலேயே வேலையைத் தொடர்ந்தார். வீட்டில் நானும் நான்கு வயது மகளும் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தார். பேச்சுத்துணைக்கு அவரை விட்டால் காற்றுதான்.

அந்த ஊர்க் காற்றைக் கேட்டால்தான் புரியும். காற்றாலைகள் சுற்றும் உறுமல் காதுக்குள் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். ஓடு தடதடக்கும். யாரோ கதவைத் தட்டுவார்கள். திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

எனக்கு அப்போது மூடாக்குப் பைத்தியம் முற்றியிருந்தது. மண் வெயிலையே பார்க்கக் கூடாது என்று வீடியோக்களில் சொல்லக் கேட்டு, வைக்கோலையும் சருகையும் கொல்லைப்படி வரை கனமாகப் பரப்பி வைத்திருந்தேன். அந்த ஊரிலோ விடிந்ததும் வீட்டைச் சுற்றிப் பெருக்கி, வெறும் மண் தெரிய வைத்திருப்பார்கள். அக்கா ஒருநாள் துடைப்பத்தோடு வந்து, நான் பெருக்கித் தரட்டுமா என்று கேட்டார். மண்புழுவில் ஆரம்பித்து ஒரு பிரசங்கமே செய்து அனுப்பினேன். பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் வேலியருகே நின்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க பெரியவரு ஒருத்தரு உண்டும், கேட்டியா மக்கா. நாம அவருக்கு எடஞ்சல் பண்ணாதவர அவரும் ஒண்ணும் செய்யமாட்டாரு."

எந்தப் பெரியவர் என்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அதெல்லாம் பேசக் கூடாது என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு இந்த வீட்டின் பழைய சொந்தக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். வீட்டை எங்களுக்கு விற்றவர்கள் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா கடைசிவரை இந்த வீட்டில்தான் இருந்தார், இந்த வீட்டில்தான் இறந்தார். வாங்கும்போது அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அதன்பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முட்டைகள் காணாமல் போயின, ஒரு துண்டு ஓடுகூட மிஞ்சாமல். நல்ல மத்தியான வெயிலில் கோழிகள் எல்லாம் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி ஒரே இடத்தைப் பார்க்கும். அந்த இடத்தில் வைக்கோலைத் தவிர ஒன்றும் இருக்காது. பின்பக்கம் பாத்திரம் கழுவும்போது, களைத்துப்போன ஒருவர் உட்கார்ந்து மூச்சு விடுவதைப் போல நீளமாக ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வராது.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார், தோப்பும் போய்விடும். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? வைக்கோலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். "அய்யா, பிள்ளை இருக்கிற வீடு. பார்த்துக்கோங்க" என்று. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் சிரிக்கிற நான்!

ஒரு காலையில் முருங்கைக்காய் கொடுக்க வந்த அக்கா, போகும்போது எனக்கும் மகளுக்கும் கொல்லைப் பக்கம் தாடையைக் காட்டினார்.

"பெரியவரு சட்டையைக் கழத்திப் போட்டிருக்காரு, பாத்தியா? ஒனக்க படிப்பக்கந்தான்."

போய்ப் பார்த்தேன். படியில் ஒரு வெள்ளைச் சட்டை குப்புறக் கிடந்தது. பறவைகளை விரட்டக் கம்பில் மாட்டி வைத்திருந்த என் கணவரின் பழைய சட்டை. காற்று தூக்கி வந்திருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே எடுத்தேன். எல்லாப் பொத்தானும் போட்டபடியே இருந்தது. பொத்தானைக் கழற்றாமல் சட்டையைக் கழற்றியவர் யார்? அதை அடுப்பில் போட்டு எரித்தேன். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். போதும், சென்னைக்கே போய்விடலாம்.

மறுநாள் பிற்பகல் அடுக்கி முடிக்கும்போது கொல்லையிலிருந்து மகள் உற்சாகமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, பெரியவர் சட்டை எனக்குக் கிடைச்சிருச்சு! இதுக்குக் கையே இல்ல."

கொல்லை வாசலுக்கு ஓடினேன். முழங்கால் அளவு வைக்கோலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில், அவளைவிட நீளமாக, கண்ணாடித் தாளைப் போல ஒன்று காற்றில் படபடத்தது. செதில் செதிலாக வரி. எந்தச் சட்டை, எந்தப் பெரியவர் என்று ஒரே நொடியில் எனக்குப் புரிந்தது. அப்போது அந்த நீளமான மூச்சு அவள் காலருகே கேட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து அக்கா, சோறூட்டும் குரலில் சொன்னார்.

"மக்ளே, அனங்காம நில்லு. அப்படியே செல போல நில்லு பாப்போம்."

விளையாட்டு என்று நினைத்து அவள் சிலையாக நின்றாள். அவளுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் வைக்கோல் விலகி, படம் எழுந்தது. விரிந்து, நின்று, எங்கள் மூவரையும் பார்த்தது. பிறகு சுருங்கித் தாழ்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் தேங்காய் மட்டைக் குவியலுக்குள் போய் மறைந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

முதலிலேயே பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்காவிடம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"பேரச் சொன்னா வந்துருவாரு மக்கா. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், ஆனா அது வேற, இது வேற. நீ அவருக்கு வைக்கல் மெத்த விரிச்சுக் குடுத்து, அய்யான்னு கூப்பிட்டுப் பேசுனத நானே கேட்டேன். மெட்ராஸ்காரிக்கு என்ன தைரியம்னு எங்க சபையில எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி மூடாக்கை வாரித் தோப்புக்குள் தள்ளினோம். பெட்டியிலிருந்த துணிகள் அலமாரிக்குத் திரும்பின. இப்போது தினமும் விடிந்ததும் வெறும் மண் தெரியப் பெருக்குகிறேன். தோப்புக்குள் போகும்போது காலைத் தட்டி, வருகிறேன் என்று தெரிவித்துவிட்டுத்தான் போகிறேன். பத்திரம் என் பெயரில் இருந்தாலும் எனக்கு முன்பே அங்கே குடியிருப்பவர் அவர்.

இல்லாத ஒருவருக்குப் பயந்து, இருந்தவருக்குப் பக்கத்தில் பிள்ளையை விளையாட விட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன்; ஓரிடத்தில்கூட நான் அவர் பெயரை எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.