குறை சொல்லாத மூன்று பேர்

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கணினி அறையில் வேலை பார்த்த கிருபாசங்கருக்கு "முடியாது" என்ற சொல் மட்டும் வாயில் வராது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவான். பிறகு தனியாக உட்கார்ந்து தவிப்பான்.

அப்படித் தலையாட்டித்தான் 1999இல், ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு தொகுப்புக்குச் சோதனையாளனாகச் சிக்கிக்கொண்டான். புதிதாக வரும் ஒவ்வொரு பேக்கேஜையும், அதாவது மென்பொருள் பொதியையும், கணினியில் ஏற்றி, ஓட்டி, நீக்கிப் பார்த்து, "சரி" என்று அவன் எழுதினால்தான் அது சிடியில் சேரும். வேலை குவிந்தது. வெளிநாட்டிலிருந்த ஒருங்கிணைப்பாளர், "சமாளிக்க முடிகிறதா?" என்று மின்னஞ்சலில் கேட்டபோதெல்லாம், "ஒரு சிரமமும் இல்லை" என்றே பதில் போட்டான்.

கடைசியில் தாங்காமல் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தான்: கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் நஃபீசா, கல்லூரி லேபில் இருக்கும் ரவிக்குமார், அச்சகத்துக்காரர் திருமலைசாமி. மூவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நல்லாருக்குதுங்க." அதை அப்படியே நம்பி எல்லாவற்றுக்கும் "சரி" எழுதி அனுப்பிவிட்டான். மறுநாள் சிடி நகலெடுக்கப் போகிறது.

அப்புறம்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. தனியாகப் பார்த்தபோது பிழை வராத வாரமே கிடையாது. கம்பெனியில் சோதனைக்காகத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஓட்டும் பம்புகளிலேயே ஒன்றிரண்டு ஒழுகும். மூன்று பேருக்கும் ஒரு குறைகூடவா கண்ணில் படவில்லை? மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தான்.

நஃபீசாவின் சென்டரில் மாணவர்கள் கசங்கிய தாள்களைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணா, காப்பி குடிக்கறீங்களா?"

"அது இருக்கட்டும் அம்மணி. இவங்க என்ன அடிக்கறாங்க?"

"புராஜெக்ட்டுங்க. மறுபடி அடிக்கறாங்க."

"ஏனுங்க, முன்னாடி அடிச்சது என்னாச்சு?"

நஃபீசா தரையைப் பார்த்தாள். "நீங்க பாக்கச் சொல்லிக் குடுத்த பிரிண்டர் பேக்கேஜை நீக்கினேனுங்க. பசங்க பைலெல்லாம் சேத்து அழிச்சுப்போட்டுதுங்க."

கிருபாசங்கர் எண்ணிப் பார்த்தான். நாளைக்கு அந்த சிடி எத்தனை வீடுகளுக்குப் போகும்! "இத அப்பவே சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்களே ஒத்தையில கெடந்து கஷ்டப்படறீங்க. இதையுஞ் சொல்லி நோகடிக்க வேண்டாம்னு உட்டுப்போட்டேனுங்க."

எங்கள் ஊர் மரியாதை இப்படித்தான். ஆள் மனம் நோகக்கூடாது; கணினி எக்கேடு கெட்டாலும் சரி.

அவளுடைய கணினியிலேயே உட்கார்ந்து, இணைய இணைப்புக்காக மோடம் இரைவதைப் பொறுக்கமாட்டாமல் கேட்டுக்கொண்டு, ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினான். சிடியை நிறுத்துங்கள். பிரிண்டர் பேக்கேஜ் கோப்புகளை அழிக்கிறது. மற்றவற்றையும் நான் நேரில் பார்க்கவில்லை. கொஞ்சம் தயங்கி இன்னொரு வரி சேர்த்தான்: என்னால் தனியாக முடியவில்லை. எழுதியதுமே வெட்கமாகிவிட்டது. அந்த வரியை எடுத்துவிட விரல் போயிற்று.

பின்னால் நின்று படித்த நஃபீசா, "அத அழிச்சுப்போடாதீங்கண்ணா" என்றாள்.

அப்படியே அனுப்பினான். பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. சிடியை நிறுத்திவிட்டார்கள், இனி வேலையைப் பிரித்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். கீழே ஒருங்கிணைப்பாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

கிருபாசங்கர் நஃபீசாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.