போகிற வழியில் சுவிட்சர்லாந்து

வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் வாடிக்கையாளரைக்கூடச் சமாளித்துவிடலாம். ஏற்கெனவே ஒரு தடவை சிங்கப்பூர் போய்வந்த அவருடைய மச்சானைத்தான் சமாளிக்க முடியாது. சொந்தக்காரர்களை ஒரே வேனில் ஏற்றிக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் என் கட்சிதான். மேலே படிக்கலாம்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். திருப்பதி பஸ், சபரிமலை வேன் என்றுதான் ஆரம்பித்தேன். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடு போகப் போக, அவர்களைப் பார்க்கப் புறப்படுகிற அப்பா அம்மாக்களின் புத்தம்புது பாஸ்போர்ட்டுகள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. நிறையப் பேரை ஏற்றி அனுப்பியாயிற்று. ஆனாலும் செல்வராஜ் சாரும் அவருடைய சம்பந்தியும் போய்வந்த கதையைத்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

செல்வராஜ் சார் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வாரியெடுக்கும் ராட்சத மெஷின் ஓட்டுகிற பெர்மனென்ட் ஆள். மனைவி பெயர் கஸ்தூரி. சம்பந்தி கோவிந்தசாமிக்கு வளையமாதேவியில் விவசாயம். செல்வராஜ் சார் மகனும் கோவிந்தசாமி மகள் தேன்மொழியும் கல்யாணமாகி, ஜெர்மனியில் லைப்ஸிக் என்ற ஊரில் குடித்தனம் செய்கிறார்கள். கோவிந்தசாமியின் மனைவி மாடுகளை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டதால், போவதாக இருந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் முதல் வெளிநாடு. கையில் இருந்தது பத்து நாள் லீவு.

இறங்கி ஏறுவது

செல்வராஜ் சார் முதல் நாள் வந்தபோதே ஊர்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ், வெனிஸ், ரோம். மகன் வீடு இந்தக் கணக்கில் இல்லை. “அது நம்ம வீடு மேடம், அத எப்ப வேணா பாத்துக்கலாம்” என்றார். அவர் மனசில் ஐரோப்பா என்பது இன்னொரு டவுன்ஷிப். ஸ்கூட்டரை எடுத்து ஒரு ரவுண்டானாவைச் சுற்றினால் அடுத்த பிளாக் வந்துவிட வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த மேப்பில் தூரத்தைக் காட்டினேன். லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்றதும் மனசில்லாமல் அதை விட்டார். ரோமுக்குப் போக வரவே லீவு கரைந்துவிடும் என்று மன்றாடி, அதையும் விட வைத்தேன். சுவிட்சர்லாந்து போனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்று சொன்னபோதுதான் அவருக்கு என்மேல் இருந்த மரியாதை குறைந்தது.

“எதுக்கு மேடம் தங்கணும்? சேத்தியாத்தோப்புல பஸ் நிக்கறப்ப எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு ஏறுறோம் இல்ல, அந்த மாதிரி எறங்கி பனியத் தொட்டுப் பாத்துட்டு ஏறிடுவோம்.”

மச்சான் சொன்னார்

இங்கேதான் மச்சான் வருகிறார். கஸ்தூரியம்மாவின் தம்பி. குள்ளஞ்சாவடியில் ஹார்டுவேர் கடை. பெயிண்ட் அதிகமாக விற்றதற்காக யாரோ அவரை ஒருமுறை சிங்கப்பூர் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து உலகத்தின் எல்லா விமான நிலையங்களும் அவருக்கு அத்துப்படி. நான் ஒரு ஊரைக் கழித்தால், சாயங்காலம் அவர் போனில் இரண்டு ஊரைச் சேர்ப்பார். ஆம்ஸ்டர்டாமில் பூந்தோட்டம் பார்க்காமல் வந்தால் போனதே தண்டம் என்றாராம். இது பூ பூக்கிற மாசமில்லை என்று சொல்லி அனுப்பினேன். செடியையாவது பார்த்துவிட்டு வரலாமே என்று பதில் வந்தது.

மச்சானோடு பேச செல்வராஜ் சார் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிய நேரத்தில், அதுவரை மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாவிடம், உங்களுக்கு எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது, கொஞ்சம் யோசித்தார். கணவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடியுமுன் எழுந்து டிபன் கட்ட வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் என்றால் அவர் வரும்வரை முழித்திருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் குக்கர் விசில்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவரும் ஷிஃப்ட் பார்த்தவர்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

“எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல மேடம், காலையில யாரும் எழுப்பாத ஊரா ஒண்ணு பாத்துப் போடுங்க.”

திரும்பி வருவீங்களா?

விசாவுக்குச் சென்னை போகுமுன், அங்கே ஏதாவது கேட்டால் திணறக் கூடாதே என்று ஒரு ஒத்திகை வைப்பேன். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். செல்வராஜ் சார் எழுந்து நின்று, சுரங்கத்தில் சேர்ந்த நாளில் தொடங்கி, மகனின் இன்ஜினீயரிங் அட்மிஷன் வரைக்கும் வந்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

கோவிந்தசாமி அதுவரை வாயே திறந்ததில்லை. பெண்ணைக் கொடுத்தவர் என்பதால், சம்பந்தி எந்த ஊரைச் சொன்னாலும் தலையாட்டுவார். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரே வரியில் சொன்னார். போனவர் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி மாதிரி விறைப்பாகக் கேட்டேன். சொத்து, பேங்க் கணக்கு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“செவல மாடு எங் கையால வெச்சாத்தாங்க தீனி திங்கும். வராம நான் எங்கங்க போவேன்?”

சம்பந்திக்குத் தெரியாமல்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கோவிந்தசாமி மட்டும் பஸ் ஏறி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாடியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். மகள் போனில் ஒரு விஷயம் சொன்னாளாம். அவர்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது, ஜனங்கள் குளிக்கிறார்கள், படகு விடுகிறார்கள். முன்னே அது ஏரியே இல்லையாம். இங்கே இருப்பது போலவே பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளமாம்.

கோவிந்தசாமியின் நிலத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் மல்லாட்டை போடுகிறார், அதான் வேர்க்கடலை. தோண்டுகிறதைத்தான் இத்தனை காலமாகப் பார்த்தாயிற்று, தோண்டி முடித்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். பாரிஸ், சுவிஸ் எதுவும் தனக்கு வேண்டாம், அந்த ஏரிக்கரையில் ஒரு பகல் போதும். நேரடியாகச் சம்பந்தியிடமே கேட்கலாமே என்றேன்.

“நான் கேட்டதா சொல்லாதம்மா. இங்க பள்ளத்த வெட்டுறதே அவரு ஓட்டுற மெஷினுதான். மனசுல எதையோ வெச்சிக்கினு பேசுறன்னு நெனச்சிக்குவாரு.”

வெனிஸுக்குப் பதிலாக

மறுநாளே வெனிஸை ஒழித்துக்கட்டினேன். படகு சவாரிதானே உங்களுக்கு வேண்டும், மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரமாதமான ஏரி இருக்கிறது, படகு உண்டு, கரையில் ஐஸ்கிரீம்கூட உண்டு என்று செல்வராஜ் சாரிடம் அடித்துவிட்டேன். அத்தனையும் உண்மை. அந்த ஏரி முன்னே என்னவாக இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூ இல்லாத ஆம்ஸ்டர்டாமும் கூடவே கழன்றுகொள்ள, லைப்ஸிக், பாரிஸ், சுவிஸ் என்று பயணம் மூன்று ஊருக்குள் அடங்கியது.

எனக்கே தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பழைய சுரங்க மெஷின்களைத் துடைத்து, நிறுத்தி, அந்தப் பக்கத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பிப்போன செல்வராஜ் சார், தான் தினமும் ஏறி இறங்குகிற மெஷினின் அண்ணன் முன்னால் போய் நின்றிருக்கிறார். அதில் ஏறிப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். அந்த மெஷின் எப்படி மண்ணை வாரும் என்று ஒரு இளம்பெண் அவருக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாளாம். அங்கிருந்தே எனக்கு போன் வந்தது.

“லீவு போட்டு, ஏழு கடல் தாண்டி, டிக்கெட்டும் எடுத்துட்டு, திரும்ப ட்யூட்டிக்கே வந்துட்டேன் மேடம்.”

ரயில் போன கதை

மிச்சக் கதை திரும்பி வந்த பிறகு கஸ்தூரியம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் பாரிஸுக்கு ரயில் ஏற வேண்டும். கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது, இது எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கோவிந்தசாமி சும்மா கேட்டிருக்கிறார். செல்வராஜ் சார் கரையின் சரிவைப் பார்த்தே சொல்லிவிட்டார். மேல் மண்ணை எங்கே கொட்டுவார்கள், கரி எடுக்கிறவரைக்கும் ஊற்றுத் தண்ணீரை எப்படி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இறைப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். சம்பந்தி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ரெண்டு குடும்பமும் சம்பந்தம் பண்ணியதிலிருந்து, இந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே கிடையாது.

அப்புறம் செல்வராஜ் சார் குச்சியைப் போட்டுவிட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “உங்க வயல்கிட்ட மெஷின் வந்தப்ப நான் லீவு போட்டுட்டேன் சம்பந்தி. வேற ஆளுதான் ஓட்டுனான்” என்றாராம். தான் லீவு போட்டதால் மெஷின் நின்றுவிடவில்லை என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார். மகன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனான். இரண்டு பெரியவர்களும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. ரயில் போய்விட்டது. மறுநாள் ரயிலில் போய், பாரிஸ் கோபுரத்தை டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கோவிந்தசாமி அப்படி என்னதான் பதில் சொன்னார் என்று நான் கேட்டதற்கு, கஸ்தூரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் மாதிரியே சொல்லிக் காட்டினார்.

“தெரியுங்க சம்மந்தி. அன்னிக்கே ஒங்க வூட்டம்மா எங்க வூட்டுக்கு போன் பண்ணி சொல்லிட்டாங்க.”

கல்லில் பேர்

கோவிந்தசாமி ஒரு பை மல்லாட்டையோடு என்னைப் பார்க்க வந்தார். பனி எப்படி, பாரிஸ் எப்படி என்று கேட்டேன். நல்லா இருந்தது என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஏரியைப் பற்றிச் சொல்லத்தான் அவருக்கு வார்த்தை இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்ததாம், மீன்கூட இருக்கிறதாம். பள்ளத்தில் காணாமல் போன கிராமங்களின் பேரைக் கரையில் ஒரு கல்லில் எழுதி வைத்திருக்கிறார்களாம். தேன்மொழியை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். எல்லாம் சின்னச் சின்னப் பேராம். கேட்டு முடித்து, மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாராம்.

நான் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் படியிறங்கப் போனவர் நின்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

“நம்ம ஊருக்கும் ஒரு நாளைக்குக் கல்லு வெப்பாங்கன்னா, கொஞ்சம் அகலமா வெக்கச் சொல்லணும்மா. வளையமாதேவின்னு எழுத எடம் பத்தாது.”

இப்போதெல்லாம் ஐரோப்பாவில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் யாரோடு போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். சம்பந்தியோடு என்று சொல்லிவிட்டால், ஒரு ரயிலைத் தவறவிடவும் சேர்த்தே நேரம் ஒதுக்கிவிடுகிறேன்.