தொட்டிக்குள் கிளைவிட்டது

இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஜெபதுரைக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. ஓடும் நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று வேண்டும். அதற்காகத் தண்ணீரைப் புகைபோலத் தூவும் பிளாண்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முன் கான்சாபுரத்தில் விவசாயம் பார்த்தவர். பேச்சு குறைவு.

மில் கிணறு வற்றி, லாரியில் கண்மாய்த் தண்ணீர் வரத் தொடங்கிய வருடம், தூவும் நாசில்கள் வாரம் தவறாமல் அடைத்துக்கொண்டன. கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில், கிளை கிளையாய், வேர் மாதிரி ஒன்று. பாசி என்று நினைத்து, பிளாண்டுக்குத் தண்ணீர் நிறுத்தும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பெருகியது. நூல் அறுகிறதென்று மேஸ்திரி காளிராஜ் தினமும் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

வார லீவில் ஜெபதுரை அதில் ஒரு துண்டைத் தண்ணீரோடு பாட்டிலில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் வெங்கடேஸ்வரி அவர் தெருக்காரர்.

"இது பாசி இல்லண்ணே, பிராணி. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டம்" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார் அவர்.

ஜெபதுரை குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கிளை நுனியிலும் இழை இழையாய் ஏதோ குடைபோல விரிந்து, சட்டென்று உள்ளே போயிற்று. ஒன்றின் பக்கத்தில் மொட்டுவிட்டு அடுத்தது வரும். அது பிரிந்து போகாமல் ஒட்டியபடியே இன்னொன்றை விடும் என்றார் வெங்கடேஸ்வரி.

"எங்க வயல்ல அருகம்புல் இப்படித்தான் டீச்சர். தரையோட ஓடி கணுவுக்குக் கணு வேர்விடும். கொத்திப் போட்டா போட்ட எடத்துலயும் மொளைக்கும்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. தேய்த்த துணுக்குகளையெல்லாம் தொட்டிக்குள்ளேதான் விட்டிருந்தார்.

பொங்கல் லீவில் தொட்டியை வற்றவைத்து, சுரண்டியதை வெளியே அள்ளிக் கொட்டி, மூன்று நாள் காயவிட்டார். இரண்டு மாதம் நிம்மதி. பிறகு ஒரு மூலையில் மறுபடியும் பழுப்புக் கிளை. போனில் கேட்டபோது, அது தன் உடம்புக்குள்ளேயே கடுகைவிடச் சிறிய, ஓடு மூடிய மொட்டுகளையும் உண்டாக்கும், காய்ந்தாலும் சாகாமல் கிடந்து தண்ணீர் பட்டதும் முளைக்கும், லாரித் தண்ணீரிலும் வரும் என்றார் வெங்கடேஸ்வரி.

ஜெபதுரை அசரவில்லை. அவர் மனைவி இன்பம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே கழித்துப் போட்ட, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைக் கேட்டு வாங்கி, எட்டாக மடித்து, தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் வாயில் கட்டினார். தினமும் துணியை மாற்றினார். அடைப்பு மாதம் ஒருமுறையாகக் குறைந்தது. காளிராஜும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடியோடு ஒழியவில்லை. இப்போது நாசில்களைத் தனி வாளிக்குள் வைத்துச் சுரண்டுகிறார். கை சற்றே தயங்குகிறது.

"உசிருன்னு தெரிஞ்ச பொறவு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒருநாள் இன்பத்திடம் சொன்னார்.

அதுக்காகச் சுரண்டாம இருக்க முடியுமா என்று கேட்டார் இன்பம். முடியாதுதான் என்று சொல்லிவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார் ஜெபதுரை.