ஆறு துண்டுக் கண்ணாடி பஸ்

அமெரிக்க டவுன் பஸ்ஸின் படத்தைக் காட்டினால், அது எந்த ஊரில் கட்டியது என்று சொல்லிவிடுவேன். ராசா டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகள் முழுக்க எனக்கு அந்தப் பேர் இருந்தது. துரை பங்களா குப்பையிலிருந்து வந்த படப் புத்தகம். ஒவ்வொரு பஸ்ஸுக்குக் கீழேயும் ஊர்ப் பேர். யாராவது அதை விரலால் மறைத்தாலும் எனக்குக் கவலையில்லை. அந்தப் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை இருந்தால் பொன்டியாக், ஓரம் கிழிந்திருந்தால் அலென்டவுன். படத்திலிருந்த பஸ்ஸை நான் பார்த்ததேயில்லை.

அந்த வாரம் அத்தை மகன் எங்கள் வீட்டில் இருந்தான். அவன் அப்பா கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில். அத்தை அங்கேயே துணைக்கு. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா லோரியில் பார்க்கப் போகிறார். கிளீனர் போக முன் சீட்டில் ஒரு பையனுக்குத்தான் இடம். அவனுக்கு அப்பாவைப் பார்க்கவேண்டும். எனக்குக் கோலாலம்பூரைப் பார்க்கவேண்டும். நியாயம் அவன் பக்கம் என்று தெரிந்ததால் அவனைவிடச் சத்தமாக அழுதேன்.

பெரியவர்கள் குசினியில் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு சித்தப்பா புத்தகத்தோடு வந்தார்.

"சரியா சொல்றவன் லோரியில ஏறலாம். தோத்தவன் வாயத் தொறக்கக் கூடாது."

அவர் திறந்த பக்கத்தில் கறையும் இல்லை, கிழிசலும் இல்லை. ஊர்ப் பேர்மேல் அவர் கட்டைவிரல். எனக்குக் காது சூடேறியது.

அத்தை மகன் நிதானமாகக் குனிந்தான். "கென்ட், மாமா. முன்கண்ணாடியப் பாருங்க, ஆறு துண்டா வளைச்சிருக்கான். இந்தப் புத்தகத்துல கென்ட் பஸ்ஸுக்கு மட்டுந்தான் அப்படி."

அடப்பாவி, இவன் பஸ்ஸைப் பார்த்திருக்கிறான்.

"நீ சொல்லுடா," என்று சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "அவன் சொன்னதையே சொல்லக்கூடாது லா."

ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நிஜமாகவே வந்தது.

"பொன்டியாக்." ஆட்டுக்குட்டி கத்தியது மாதிரி இருந்தது.

சித்தப்பா விரலை எடுத்துப் பார்க்கவில்லை. அப்படியே புத்தகத்தை மூடினார். "பொன்டியாக்தான்."

அத்தை மகன் அவர் முகத்தையே பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. அம்மா, ஜெயித்த என்னை விட்டுவிட்டு அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இதென்ன ஓரவஞ்சனை என்று எனக்கு ஒரே கோபம். அது கென்டில் கட்டிய பஸ்ஸேதான் என்பதை இப்போது போனில் தட்டினால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆஸ்பத்திரியில், கட்டிலில் இருப்பது மாமாதான் என்று அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சின்னதாக ஆகியிருந்தார். மூக்கில் குழாய். கண்ணைத் திறந்தவர் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"அவன் வரலியா?"

"தோத்துட்டான், மாமா" என்றேன் பெருமையாக.

அவர் சித்தப்பாவை வெகுநேரம் பார்த்தார். "நல்லதாப் போச்சு" என்றார்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எதற்கு என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் கீழே கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஜெயித்ததற்குத்தான் தருகிறார் என்று நினைத்து, குச்சிவரை நக்கித் தின்றேன்.