கடலைத் தொலியில் ஓடிய இன்ஜின்

நிலக்கடலைத் தொலி, அதாவது அந்த மேல் ஓடு, இனிக்காது. இரண்டாம் வகுப்பில் படித்தபோது நக்கிப் பார்த்தே இதை உறுதி செய்துகொண்டேன். மண் வாசனையும் லேசான துவர்ப்பும்தான் இருந்தன. ஆனால் அது முழுக்கச் சர்க்கரை என்று அத்தை சொல்லியிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தினமும் ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியை அப்போதுதான் முடித்திருந்தாள்.

‘முழுக்க’ என்பது கொஞ்சம் மிகை. மற்றபடி அவள் சொன்னது தப்பில்லை. தொலியில் பெரும்பங்கு செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீளமான சங்கிலி. வைக்கோல், வேட்டி, பரீட்சைத் தாள் எல்லாம் அதே சங்கதிதான். அந்தக் கண்ணிகள் நம் நாக்குக்கும் குடலுக்கும் பிரியாது. ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகளுக்குப் பிரியும். அதனால்தான் கல்யாண வாழ்த்துப் போஸ்டரைக் கிழித்துத் தின்றுவிட்டு அது பாட்டுக்கு அசைபோடுகிறது.

அந்த ஆனி மாதம் ஆடி விதைப்புக்காக விதைக்கடலை உரித்த தொலி கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அத்தைக்குத் திருச்சியில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருந்தது. தாத்தாவோ துபாயில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். அவர் பேசி முடித்த பிறகு அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அத்தை மட்டும் பேசினாள்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் அது நடந்தது. தாத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “மூணு வருசம் படிச்சியே ஆத்தா, அந்தப் படிப்பால நம்ம டீசல் மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெ ஊத்த முடியுமா?”

“முடியும். கொல்லையில கெடக்குற தொலியில இருந்தே எடுக்கலாம்.”

“அப்ப எடு. மிஷின் ஓடுச்சுன்னா திருச்சிக்குப் போ. ஓடலைன்னா ஆவணியில கல்யாணம். என்ன சொல்ற?”

“சரிப்பா.”

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். எங்கள் கிணற்றுக்கு அப்போது கரண்ட் கிடையாது. கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தென்னங்கன்றுகள் உயிரோடிருந்தது அந்த டீசல் இன்ஜின் தயவில்தான்.

மறுநாளே அத்தை ஆரம்பித்துவிட்டாள். ஒரு பழைய எண்ணெய் டின்னில் தொலியைத் திணித்து மூடினாள். இடுக்குகளைக் களிமண்ணால் பூசி, ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதைத் தண்ணீர்த் தொட்டி வழியாக விட்டாள். டின்னுக்கு அடியில் நெருப்பு வைத்தாள். காற்றில்லாமல் வெந்த தொலி புகையாகி, குழாயில் குளிர்ந்து, மறுமுனையில் காபி நிறத்தில் சொட்டியது. புளித்த கஞ்சியைக் கருகவிட்ட மாதிரி ஒரு நாற்றம் வந்தது.

“கொல்லையில இருந்த தொலி பூராம் போச்சு. வெந்நி வைக்க நான் எதை எரிக்கிறது? இவ பரீட்சைப் பேப்பரையா?” என்றாள் அம்மா. வேலிக்கு அப்பால் வண்டியில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். ஒருவர் டேங்க் மூடியையே திறந்து காட்டினார்: “ஏத்தா, ரெண்டு லிட்டர் போட்டு விடு. கந்தர்வக்கோட்டை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.”

அத்தை சிரிக்கவில்லை. ஒரு துணித் திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பார்த்தாள். சடசடவென்று பொரிந்து, அழுது வடிந்து எரிந்தது. “எரியுது பாத்தியா?” என்று என்னிடம் கேட்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பந்தய நாள் காலையில் இன்ஜின் டேங்கைச் சுத்தமாக வடித்து, துணியால் துடைத்து, வடிகட்டிய தன் எண்ணெயை ஊற்றினாள். பிறகு தாத்தாவைக் கூட்டிவர வீட்டுக்குப் போனாள். நானும் கூடவே ஓடினேன். நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா இன்ஜின் பக்கத்தில் நின்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மண் கறுப்பாக நனைந்து, அந்தப் புளித்த நாற்றம் அடித்தது.

“நானே ஹேண்டில் போடுறேன். நீ அங்கிட்டுத் தள்ளி நில்லு” என்றார் அத்தையிடம்.

இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. டுக் டுக் டுக்கென்று ஊரையே எழுப்பும் அதே சத்தம். கிணற்றுக் குழாய் இருமி, பிறகு தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. நான் குதித்தேன். அம்மா வாயில் கை வைத்தாள். தாத்தா புகையை அண்ணாந்து பார்த்து, மூக்கை ஒருதரம் உறிஞ்சி, “ஓடுதே!” என்றார்.

அத்தை மட்டும் அசையவில்லை. டேங்க் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து முகர்ந்தாள்.

“ஓடுதுல்ல, விடு ஆத்தா” என்றார் தாத்தா, வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். “இது நான் ஊத்துனது இல்லப்பா. டீசல்.”

அப்பா தென்னங்கன்றுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

“அப்ப நீ தோத்துட்ட” என்றார் தாத்தா.

“தோத்துட்டேன். என் எண்ணெயில ஓடியிருக்காது. அது ஏன்னும் எனக்குத் தெரியும். அதுல ஆக்சிஜன் நெறைய இருக்கு, பாதி எரிஞ்ச வெறகு மாதிரி. ஹைட்ரஜனை நல்ல அழுத்தத்துல ஏத்தி அந்த ஆக்சிஜனைத் தண்ணியாக் கழட்டணும். கழட்டிட்டா மிச்சம் நிக்கிறது டீசல் மாதிரிதான் எரியும். அதுக்கு நிக்கல் மாதிரி ஒரு உலோகம் கூட இருக்கணும். டின்னும் களிமண்ணும் பத்தாது. இதை எப்புடிச் செய்யறதுன்னு திருச்சியில போயித்தான் படிக்கணும். ஓடியிருந்தா நான் எதுக்குப்பா படிக்கப் போறேன்?”

தாத்தா வரப்பில் நாலடி நடந்து போய், திரும்பி, அப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “ஊத்துன டீசலை ஏன்டா வீணாக்குற? ஓட்டு. கன்னுக்குத் தண்ணி பாயட்டும்.”

அத்தை சொன்ன வேலையைத்தான் இன்று என் ஆய்வகத்தில் தடித்த எஃகுக் கலத்துக்குள் செய்கிறேன். ஹைட்ரஜனும் நிக்கலும் இருந்தும் ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டால் ஒரு கரண்டி கிடைக்கும். முதல் கரண்டி கிடைத்த அன்று நான் செய்த முதல் காரியம், யாராவது டீசல் ஊற்றியிருக்கிறார்களா என்று முகர்ந்து பார்த்ததுதான். ஊற்றக்கூடிய ஆள் யாரும் அங்கே இல்லை.

ஆனால் அன்று எனக்கு எல்லாமே வேறு மாதிரித்தான் விளங்கியது. அத்தை ஜெயித்த ஆட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள். அதற்குத் தண்டனையாகக் கல்யாணத்தை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே அனுப்புகிறார்கள். ஆடியில் திருச்சி பஸ் வந்து நின்றபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்ததைக்கூட, அழுகையை மறைக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். தாத்தா பஸ் மறையும்வரை ரோட்டிலேயே நின்றார். தோற்றுப்போன ஆளுக்கு அப்பா எதற்காகப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார் என்பது மட்டும் வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.