காலி ஸ்டூலுக்கு நேரே ஒரு ஜன்னல்

அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் தெருவே கூப்பிடும். முப்பத்தோரு வருடமாக அட்டைப் பெட்டி செய்கிறார். செருப்புப் பெட்டி, சட்டைப் பெட்டி, பல்பு பெட்டி, மாத்திரைப் பெட்டி என்று அவர் கை படாத பெட்டி இல்லை. வேறு எந்த விஷயத்திலும் அவருக்குப் பெரிதாகக் கருத்து கிடையாது. பெட்டி என்று வந்துவிட்டால் மட்டும் விடமாட்டார். "உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு மூட்டை போதுமே, பெட்டி எதுக்கு? பெட்டின்னா வெளியில பாத்தாலே தெரியணும்" என்பார்.

இப்போது அவருக்கு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. பத்தொன்பது நாளைக்கு முன்னால் தாத்தா ஆகியிருந்தார். அன்றிலிருந்து பட்டறைக்கு யார் வந்தாலும் தப்ப முடியவில்லை. அட்டை இறக்க வந்த லாரிக்காரரால் பேத்தி கொட்டாவி விடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் தும்மல் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"ஒத்தத் தும்மல்தான் போடுவா. ரெண்டாவது கிடையாது. அவ்வளவு கட்டுப்பாடு" என்று அதற்கு விளக்கம் வேறு.

அந்தக் கட்டுப்பாடு நிச்சயமாக அம்மாவிடமிருந்து வந்தது இல்லை. பெட்டிக்காரரின் மகள் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். சாயங்காலம் ஒரு பேண்டில் டிரம்ஸ் அடிப்பாள். பேண்டில் மொத்தம் நாலு பேர். பாடுகிற பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது தொழில். கிட்டார்க்காரன் வாஷிங் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் மருந்துக் கடையில் நிற்கிறவன். அவர்கள் ஒத்திகை பார்ப்பது ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். கீழே லிஃப்ட் கதவில் வருடக்கணக்காக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அந்தக் காகிதத்தில் இருந்ததையே பேண்டுக்கு வைத்துவிட்டார்கள்: 'லிஃப்ட் ஓடாது'.

பெட்டிக்காரர் ஒரே ஒரு தடவை அவர்கள் கச்சேரிக்குப் போயிருக்கிறார், காதில் பஞ்சோடு. வராத பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு, மேல் வீட்டுக்காரன் நாற்காலி இழுப்பதைப் பற்றி ஒரு பாட்டு. ஒரு வரிகூட அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் முன்னால் நின்றவர்கள் குதித்தார்கள். மகள் முகம் வேர்த்து மினுங்கியது. அது போதும் என்று வந்துவிட்டார்.

மகளுக்கு ஏழாவது மாதம் ஆனபோது அந்த ஐந்து மாடியை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே மற்ற மூன்று பேரும் டிரம்ஸைக் கழற்றி, சுமந்து, கீழே காவலாளி அறைக்குப் பக்கத்தில் போட்டு, அங்கேயே வைத்து அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். நிஜமான ரெக்கார்டு. பெரிய கறுப்புத் தட்டு, முந்நூறு பிரதி. அதற்கு உறை செய்கிற வேலையைப் பெட்டிக்காரர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

குழந்தை பிறந்த பதினெட்டாம் நாள் உறையின் படம் மகளுடைய போனுக்கு வந்தது. பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் பெட்டிக்காரர். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்ததால் குரலை இறக்கித்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. கவர் போட்டோ. மூணு பேர் இருக்காங்க. என் ஸ்டூல் இருக்கு. நான் இல்ல."

"நீ எங்க போயிருந்த?"

"எங்க போயிருந்தேனா? லேபர் ரூம்ல கத்திட்டு இருந்தேன்! போட்டோக்காரர் அன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்னு சொல்லிட்டாராம்."

"அவங்கள ஒரு வார்த்த கேளேன்."

"என்னன்னு கேக்கறது? என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிருக்கலாமேன்னா?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இப்போ ஒத்திகைல ஒரு மிஷினை வச்சு டிரம்ஸ் ஓட்டறாங்களாம். தாளம் தப்பவே மாட்டேங்குதாம். லேட்டா வராதாம். பால் கொடுக்கணும்னு பாதில ஓடாதாம்."

கடைசி விஷயத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இவளாகச் சேர்த்துக்கொண்டது என்று பெட்டிக்காரருக்குப் புரிந்தது. அதனாலேயே மனசு இன்னும் கனத்தது.

மறுநாள் காலை பாட்டுக்காரியும் கிட்டார்க்காரனும் அச்சடித்த தாள்களை வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். ஒரே தாளில் மேலே உறையின் முன்பக்கம், கீழே பின்பக்கம். வெட்டி, மடித்து, ஓரம் ஒட்டிவிட்டால் உறை. முன்பக்கத்தில் அந்த லிஃப்ட் கதவு. இடது ஓரத்தில் கிட்டார்க்காரன் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். நடுவில் மற்ற இரண்டு பேர். வலது ஓரத்தில் டிரம்ஸும் காலி ஸ்டூலும்.

பெட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது மூணு பேர் பேண்டாம்மா?"

"நாலு பேர் அங்கிள்! அதுக்குத்தானே ஸ்டூலை அப்படியே விட்டிருக்கோம். அவ இடம் அவளுக்குத்தான்னு."

"அது உங்களுக்குத் தெரியும். கடையில எடுத்துப் பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு, டிரம்ஸ் அடிக்க ஆள் தேவைன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கு."

கிட்டார்க்காரன் பக்கென்று சிரித்தான். பாட்டுக்காரி முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"அவகிட்ட சொன்னீங்களா, ஸ்டூலை ஏன் விட்டீங்கன்னு?"

இரண்டு பேரும் தரையில் இருந்த அட்டைத் துண்டுகளை ஆராய்ந்தார்கள்.

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"நீ சொல்லியிருப்பேன்னு நான் நெனச்சேன்டா, பக்கி!" என்றாள் அவள். "இப்போ என்ன அங்கிள் செய்யறது? மறுபடி அச்சடிக்க நேரம் இல்ல. ஞாயித்துக்கிழமை வெளியீடு."

பெட்டிக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பழைய சட்டைப் பெட்டியை எடுத்து வந்து அந்தப் படத்தின் மேல் வைத்தார். மூடியின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே இருக்கிற சட்டை வெளியே தெரிவதற்காக விடுகிற ஜன்னல். அவர் வாழ்நாளில் அப்படி லட்சம் ஜன்னலாவது வெட்டியிருப்பார்.

"ஸ்டூலுக்கு மேல, அவ உக்காந்திருக்க வேண்டிய எடத்துல, இப்படி ஒண்ணு போட்டா? ரெக்கார்டைச் சுத்தி உள்ள ஒரு வெள்ளைக் கவர் வருமில்ல, அது தெரியும். அந்தக் கவர்ல என்ன வேணும்ங்கறதை அவதான் சொல்லணும். நீங்களே வீட்டுக்கு வந்து கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க."

வந்தார்கள். மன்னிப்பு கேட்டார்கள். மிஷின் தாளம் தப்பவில்லை என்றாலும் அதோடு வாசிப்பது பல்லுக்கு இடையில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று கிட்டார்க்காரன் ஒத்துக்கொண்டான். மகள் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தாள். உள்ளே அவள் போட்டோ ஒட்டலாமே என்று பாட்டுக்காரி சொன்னதும் அந்த இறுக்கம் போய்விட்டது.

"என் மூஞ்சியா? ஓட்டை வழியா எட்டிப் பாக்க நான் என்ன கூண்டுக் கோழியாடி?"

"சரி, வேற என்ன போடலாம்? நீயே சொல்லு."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். "வெள்ளைக் கவர் மொத்தத்தையும் அப்பா பட்டறையில கொண்டு வந்து போடுங்க. டிரம்ஸ் குச்சியை மையில தோய்ச்சு ஒவ்வொண்ணா நானே அடிச்சுத் தர்றேன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. பரவால்லையா?"

"நம்ம பாட்டும் அப்படித்தானே. ஒரு தடவ பாடின மாதிரி மறு தடவ எங்க பாடியிருக்கோம்?" என்றாள் பாட்டுக்காரி.

வியாழக்கிழமை காலை பெட்டிக்காரர் ஜன்னல் வெட்டுகிற அச்சை மிஷினில் மாட்டினார். எஃகு பிளேடை வட்டமாக வளைத்துப் பலகையில் பதித்திருந்தார். தாளின் ஓரத்திலிருந்து அளவெடுத்து, அதே அளவைப் பலகையிலும் குறித்திருந்தார். தப்பு அங்கேதான். மிஷினில் தாளும் பலகையும் எதிரெதிராக முகம் பார்த்து மூடும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலது இடதாகிவிடும், அளவைத் திருப்பிக் குறிக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட பாடம்தான். ஆனால் இத்தனை வருடமும் அவர் வெட்டிய சட்டைப் பெட்டி ஜன்னல்கள் எல்லாம் நட்ட நடுவில் இருந்தவை. நடுவில் இருக்கிறதைத் திருப்பினால் என்ன, திருப்பாவிட்டால் என்ன? கை மறந்துபோயிருந்தது.

முதல் தாளை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எப்போதும் பார்ப்பார். அன்றைக்கு முதல் தாள் வெளியே வந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. குழந்தை இரட்டைத் தும்மல் போட்டுவிட்டாள்! கை தாளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது, கண் போனில் இருந்தது. நாற்பத்திரண்டு தாள் போன பிறகு கீழே ஏதோ வட்ட வட்டமாகக் கிடப்பதைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்தார். கிட்டார்க்காரனின் முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. தரை முழுக்க நாற்பத்திரண்டு கிட்டார்க்காரன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்காரர் மிஷினை நிறுத்தினார். மகளுக்கு இடம் கொடுக்கப் போய் இன்னொரு பிள்ளையின் தலையை வாங்கிவிட்டாரே. மீதித் தாளுக்கு அளவைத் திருப்பிக் குறித்துச் சரியாக வெட்டினார். ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை பார்த்தார். போன் பெட்டிக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் பட்டறைக்கு வந்தார்கள். குழந்தை மாப்பிள்ளை தோளில். பெட்டிக்காரர் முதல் வேலையாக அந்த நாற்பத்திரண்டையும் கிட்டார்க்காரன் முன்னால் கொண்டு வைத்தார்.

"தப்பு நடந்துபோச்சு தம்பி. என் கவனக்குறைவுதான்."

அவன் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இதுல எனக்குத் தலையே இல்லையே அங்கிள்."

"மத்ததுல மட்டும் இருக்குதாக்கும்" என்றான் மருந்துக் கடைக்காரன்.

மகள் அதற்குள் தரையில் வெள்ளைக் கவர்களை வரிசையாகப் பரப்பியிருந்தாள். குச்சியைக் கறுப்பு மையில் தோய்த்தாள். முதல் நாலைந்து அடி தயங்கித் தயங்கி விழுந்தது. குழந்தை பிறந்த பிறகு அவள் குச்சியைத் தொடுவது அன்றைக்குத்தான். பாட்டுக்காரி மெதுவாக அந்த பஸ் பாட்டை ஆரம்பித்தாள். கிட்டார்க்காரன் ஒரு காலிப் பெட்டியில் விரலால் தட்டினான். அப்புறம் மகளுடைய கை தானாக ஓடியது. குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து அடித்தாள். சில கவரில் மழை கொட்டியது, சிலதில் ஒரே ஒரு கோடு, சிலதில் மை தெறித்துச் சிதறியது. பட்டறையே அதிர்ந்தது. குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபோது கேட்டுக் கேட்டுப் பழகியதாயிற்றே.

பெட்டிக்காரர் இந்த முறை காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. பஸ் வரவில்லை என்று ஏன் அவ்வளவு கத்துகிறார்கள் என்று முதல் தடவையாக லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது.

மை காய்ந்ததும் ஒரு ரெக்கார்டை உள்ளே போட்டுப் பார்த்தார்கள். காலி ஸ்டூலுக்கு மேலே, வட்டத்துக்குள், அவள் அடித்த அடி. முகம் இல்லை. ஆனால் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கிட்டார்க்காரன் தலை போன உறையிலும் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். கழுத்துக்கு மேலே மூளை இருக்க வேண்டிய இடத்தில் அதே கறுப்பு அடிகள்.

"இந்த நாப்பத்திரண்டும் எனக்கு. யாராவது தொட்டா தெரியும்" என்றான். "எந்நேரமும் என் மண்டைக்குள்ள இவ அடிச்சுக்கிட்டே இருக்கான்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஒருத்தராவது நம்பினீங்களா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கையெல்லாம் மை, கன்னத்திலும் மை. பாட்டுக்காரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் மிஷினை வச்சு ஓட்டிக்கறோம். உன் உடம்பு சரியாகட்டும். அந்த மிஷினைத் தந்தவன்கிட்டயே திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்துடறேன். நீ எப்ப வருவேன்னு மட்டும் சொல்லு."

"அஞ்சு மாடி ஏற விடமாட்டாங்கடி, இன்னும் ஒரு மாசத்துக்கு."

"டிரம்ஸ் இன்னும் கீழதான் இருக்கு. மேல தூக்கிட்டுப் போக நாங்க என்ன பைத்தியமா?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, வாரத்துல ரெண்டு சாயங்காலம். புள்ளையை நீங்க பாத்துக்கணும். முடியுமா?"

பெட்டிக்காரர் மாப்பிள்ளையின் தோளிலிருந்து பேத்தியை அதற்குள் வாங்கியிருந்தார்.

"ரெண்டு போதுமா?" என்றார். "நாலு நாளு ஒத்திகை பாத்தா நல்லா வருமேம்மா."